கல்லுக்குள் செல்

கல்லாகிப் போனவர்களின் கதைக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. கௌதம முனிவரின் சாபத்தால் அகலிகை கல்லானாள். எரியும் நகரைத் திரும்பிப் பார்த்த லோத்தின் மனைவி உப்புத் தூணானாள். நம் வகுப்பறைச் சன்னல் வழியே நாள்தோறும் தெரிகிற அண்ணாமலையைப் பற்றியும் ஒரு வழக்கு உண்டு. கிருத யுகத்தில் நெருப்பாகவும், திரேதா யுகத்தில் மாணிக்கமாகவும், துவாபர யுகத்தில் பொன்னாகவும் இருந்த மலை, கலியுகத்தில் கல்லாயிற்றாம். சிறு வயது முதல் இவற்றைக் கேட்டு வளர்ந்த நமக்கு, "எப்படிக் கல்லாயிற்று?" என்று கேட்கத் தோன்றுவதே இல்லை. சாபம் என்றோ தண்டனை என்றோ ஒரு சொல் சொல்லிவிட்டால் கதை மேலே நகர்ந்துவிடுகிறது.

ஆனால் தோழியரே, உண்மையாகவே கல்லாகிப் போனவை நமக்கு அருகிலேயே இருக்கின்றன. செஞ்சி வழியாகத் திண்டிவனம் சென்று, மயிலத்தைக் கடந்து போனால், விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் திருவக்கரை என்னும் ஊர் வரும். செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து வரும் சங்கராபரணி ஆறு அவ்வூரை ஒட்டிச் செல்கிறது. அங்குள்ள சந்திரமௌலீசுவரர் கோயிலும் வக்கிரகாளியம்மன் சந்நிதியும் பெயர் பெற்றவை. நம் ஊரைப் போலவே அங்கும் பௌர்ணமி தோறும் கூட்டம் நெரியும். ஊருக்கு வெளியே செம்மண் மேட்டில் பெரிய பெரிய அடிமரங்கள் கிடக்கின்றன. பார்த்தால் மரம், தட்டினால் கல்! முற்காலத்தில் வதம் செய்யப்பட்ட அசுரனின் எலும்புகள் அவை என்று அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். 1781ஆம் ஆண்டில் சொன்னரா என்னும் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் அவற்றைப் பற்றிக் குறித்து வைத்தார். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் அந்த இடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாக்கினார்கள். 247 ஏக்கர் பரப்பில் சுமார் 200 கல்மரங்கள் அங்கே உள்ளன. அவற்றின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள்.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள இன்னொரு கல்மரம் இருக்கிறது. அது இதைவிட மிக மிகப் பழையது. நம் மாவட்டத்துச் சாத்தனூர் அணையோடு அதைக் குழப்பிக்கொண்டு யாரும் முதலைப் பண்ணைக்குப் போய்த் தேட வேண்டாம்!

திருவக்கரைக்கு நான் போனது 2024 சனவரியில். மயிலத்தில் இருக்கும் அத்தைக்குப் பொங்கல் வரிசை கொடுக்க அப்பா கிளம்பினார். நானும் தாத்தாவும் கூடவே சென்றோம். என் தாத்தா தச்சுத் தொழிலாளி. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உளியும் இழைப்புளியும் பிடித்த கை. நிலை, கதவு, கட்டில், கோயிலுக்கு நீள விசுப்பலகை, குழந்தைகளுக்கு நடைவண்டி என்று அவர் செய்யாதது இல்லை. மார்ச் 19ஆம் நாள் சூசையப்பர் திருநாளன்று மட்டும் பட்டறையைத் திறக்க மாட்டார். "நம்ம மேஸ்திரிக்கு இன்னைக்கு விசேஷம்" என்பார். இப்போது நான்கு ஆண்டுகளாக அவருக்குக் கண் நீர் அழுத்த நோய். நேரே இருப்பது மட்டும் மூங்கில் குழாய் வழியே பார்ப்பது போலத் தெரியும். பக்கவாட்டில் இருப்பது தெரியாது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விட வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு நாள் வாள் கட்டைவிரலில் இறங்கிய பிறகு, அப்பா கருவிகளையெல்லாம் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார். அன்று முதல் தாத்தா அதிகம் பேசுவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து, திண்ணைத் தூணைத் தடவிக்கொண்டே இருப்பார். கல்மரம் என்று நான் சொன்னதும் "கல்லுல மரமா, மரத்துல கல்லா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவரையும் அழைத்துப் போகலாம் என்று அப்பாவிடம் அடம் பிடித்தேன்.

பூங்காவில் நான் கண்ணால் பார்த்ததைவிட அவர் கையால் பார்த்தது அதிகம். அங்கிருந்த காவலர் அவர் நடையைக் கண்டதும் புரிந்துகொண்டார். "பெரியவர் தொட்டுப் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு அப்பால் போனார். தாத்தா ஓர் அடிமரத்தின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் அதன் மேல் வைத்தார். முதலில் நீளவாட்டில் தடவினார். பிறகு நகத்தால் குறுக்கே கீறினார். பிறகு முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்லா வைரம் பாஞ்ச மரம் பாப்பா. இங்க பாரு, நார் ஓட்டம் இப்படிப் போவுது. இந்த இடத்துல ஒரு கணு. கிளை ஒண்ணு இங்க இருந்து முறிஞ்சிருக்கு. இழைப்புளி போட்டா இந்தப் பக்கம் எதிர் நார் வரும், சிலும்பும்" என்றார்.

கல்லில் இழைப்புளி போடுவதா என்று அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு தாத்தா இத்தனை வார்த்தை ஒன்றாகப் பேசிக் கேட்டேன்.

அந்த மரங்களுக்கு வேரும் இல்லை, பட்டையும் இல்லை, சிறு கிளைகளும் இல்லை. ஆகவே அவை அந்த இடத்திலேயே வளர்ந்து விழுந்தவை அல்ல என்கிறார்கள். எங்கோ மேட்டு நிலத்துக் காட்டிலிருந்து பெருவெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்திருக்கிறது. மா, புளி, ஆமணக்கு இவற்றின் உறவு மரங்கள் அவற்றில் உண்டு. பூவே பூக்காத ஊசியிலை மர வகையும் உண்டு. பலகையில் இருந்ததை நான் உரக்கப் படித்துக் காட்டினேன். 2 கோடி என்றதும் தாத்தா கையை எடுத்துவிட்டார்.

"அப்போ ஆதாமே பொறந்திருக்க மாட்டானே!"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் என் மனத்தில் முள்ளாகத் தைத்தது. ஞானோபதேச வகுப்பில் படைப்பின் ஆறு நாள்களை ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான்.

தாத்தா மறுபடியும் மரத்தைத் தடவத் தொடங்கினார். இந்த முறை விரல் நுனியால் அங்குலம் அங்குலமாகத் தேடினார். எந்தப் பலகையை வாங்கினாலும் அவர் இப்படித்தான் தேடுவார். உளு விழுந்த ஓட்டை இருக்கிறதா என்று. கடைசியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்: "மரம் கல்லாச்சு, சரி. இதுல குடியிருந்த பூச்சி இன்னா ஆச்சு?"

அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். பள்ளி திறந்ததும் எங்கள் உயிரியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் அதை அப்படியே ஒப்புவித்தேன். "முதலில் மரம் எப்படிக் கல்லாயிற்று என்று தெரிந்துகொள், பிறகு பூச்சிக்கு வருவோம்" என்று சொல்லி, ஒரு வாரம் மதிய இடைவேளைகளில் எனக்குப் பாடம் நடத்தினார்கள். நூலகத்திலிருந்து புத்தகங்களும் எடுத்துக் கொடுத்தார்கள். அதில் எனக்குப் புரிந்ததை இங்கே சொல்கிறேன்.

மரம் என்பது உயிரணுக்களால் ஆன கூடு. நீளவாட்டில் குழாய்களும் குறுக்கே மெல்லிய அறைகளுமாக இருக்கும். மரம் மணலில் ஆழப் புதைந்தால் அங்கே காற்று இல்லை. எனவே அழுகல் மெதுவாகவே நடக்கும். நிலத்தடி நீரில் மணற்சத்தாகிய சிலிக்கா மிகச் சிறிதளவு கரைந்திருக்கிறது. நம் வீட்டுக் கிணற்று நீரிலும் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் இருக்கும். அந்த நீர் குழாய்களுக்குள் ஊறிப் போகிறது. உயிரணுச் சுவரில் சிலிக்காவைப் பற்றிக்கொள்ளும் இயல்பு உண்டு. ஆகவே சுவரின் மேல் முதலில் ஒரு மெல்லிய பூச்சு படிகிறது. பிறகு உள்ளே இருக்கும் வெற்றிடம் கூழ் போன்ற சிலிக்காவால் நிறைகிறது. சுவர் பிறகுதான் சிறிது சிறிதாகக் கரைகிறது. அது விட்டுப் போகும் இடத்தையும் சிலிக்கா பிடித்துக்கொள்கிறது. காலப்போக்கில் அந்தக் கூழ் நீரை இழந்து, ஓப்பல் என்னும் கல்லாகி, இன்னும் நெடுங்காலத்தில் குவார்ட்ஸ் ஆகிறது.

இதை எனக்கு விளங்க வைத்தது கருப்பட்டிதான். கொட்டாங்கச்சியில் பாகை ஊற்றி, இறுகிய பிறகு கொட்டாங்கச்சியை எடுத்துவிடுகிறார்கள் அல்லவா? கொட்டாங்கச்சி போனாலும் அதன் வளைவு கருப்பட்டியில் நிற்கிறது. மரத்துக்குள் இதே வேலை கண்ணுக்குத் தெரியாத இலட்சக்கணக்கான கொட்டாங்கச்சிகளில் நடந்திருக்கிறது. பாகு இறுகும் முன்பே கொட்டாங்கச்சி உடைந்து போனால் வடிவம் இல்லை. அவ்வளவுதான் இரகசியம். நீரில் இரும்பு கலந்திருந்தால் கல்மரத்துக்குச் சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் வருகின்றன.

எடை மட்டும் ஏமாற்றாது. தேக்கு ஒரு கன அடி 20 கிலோவுக்குள் இருக்கும். அதே ஒரு கன அடி கல்மரம் 70 கிலோவுக்கு மேல். இதைத் தாத்தாவிடம் சொன்னபோது, "அந்த மரத்துல நிலை செஞ்சா வீடு உக்காந்துடும்" என்றார்.

இதற்குக் கோடி ஆண்டுகள் தேவையா என்றால், எல்லாக் கட்டத்துக்கும் தேவையில்லை. ஜப்பானில் ததெயாமா என்னும் மலைப்பகுதியில் சிலிக்கா மிகுந்த வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. ஆய்வாளர்கள் அதில் மரத்துண்டுகளைக் கட்டிப் போட்டு வைத்தார்கள். 7 ஆண்டுகளில் அத்துண்டுகளின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு வரை சிலிக்கா ஏறிவிட்டது! அதனால் கல்மரத்தின் முதற்கட்டம் மனித ஆயுளுக்குள்ளேயே முடிந்துவிடக் கூடும் என்று தெரிகிறது. அந்தக் கூழ் உறுதியான குவார்ட்ஸ் ஆவதற்குத்தான் நெடுங்காலம் பிடிக்கிறது.

கல்மரம் எந்த மரம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? கல்லை வாளால் அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு தடிமன் வரும்வரை தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். குழாய் எத்தனை, குறுக்கு வரி எப்படி என்று எண்ணி இன்றைய மரங்களோடு ஒப்பிடுகிறார்கள். இந்தக் கலையில் நம் நாட்டில் முன்னோடி பீர்பால் சாஹ்னி. அவர் இலக்னோவில் தொடங்கிய தொல்தாவரவியல் நிறுவனத்துக்கு 1949 ஏப்ரல் 3ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். அந்த அடிக்கல்லிலேயே புதைபடிவங்களைப் பதித்துச் செய்திருந்தார்கள். ஒரு வாரத்தில் சாஹ்னி காலமானார்.

இதையெல்லாம் தாத்தாவுக்கு ஒரு மாலையில் படித்துக் காட்டினேன். பாடநூலில் உயிரணுவைச் 'செல்' என்றுதான் போட்டிருக்கும். "கல்லுக்குள்ளே ஒவ்வொரு செல்லும் அப்படியே இருக்கிறது தாத்தா" என்றேன். அவர் பதறிவிட்டார். "செல்லு இருக்குதா? அப்புறம் எப்படி மரம் தப்பிச்சுது?" என்று கேட்டார். தச்சருக்குச் செல் என்றால் கறையான்! வேறு செல், வேறு செல் என்று நான் சொல்ல, ஆயா உள்ளே இருந்து, "கைபேசியையா சொல்ற?" என்று கேட்க, வீடே சிரித்தது. ஆனால் பிறகு யோசித்தபோது தாத்தா கேட்டது சரியான கேள்வியாகவே எனக்குப் பட்டது. மரம் கல்லாவதும் கறையான் தின்பதும் ஒரே மரத்தின் மேல் நடக்கிற ஓட்டப் பந்தயம். எது முந்துகிறதோ அதுதான் மிஞ்சுகிறது.

ஆதாமைப் பற்றிய கேள்வியையும் அருட்சகோதரியிடம் கேட்டேன். கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்துகொண்டேதான் கேட்டேன். அவர்கள் சிரித்துவிட்டு, நீல்ஸ் ஸ்டென்சன் என்று கரும்பலகையில் எழுதினார்கள். ஸ்டெனோ என்றும் அவரைச் சொல்வார்கள். 1638இல் கோபன்ஹேகனில் பிறந்த மருத்துவர். 1666இல் இத்தாலியில் பெரிய சுறாவின் தலை ஒன்றை அறுத்து ஆராயும்போது, மலைப்பாறைகளில் கிடைத்த 'நாக்குக் கற்கள்' என்பவை அந்தச் சுறாவின் பற்களைப் போலவே இருப்பதைக் கண்டார். பாறைக்குள் அந்தப் பற்கள் எப்படி நுழைந்தன? ஒரு திடப்பொருளுக்குள் இன்னொரு திடப்பொருள் எப்படி வந்தது என்பதையே பொருளாக வைத்து 1669இல் நூல் எழுதினார். பாறைகள் அடுக்கடுக்காகப் படிந்தவை, அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது என்ற விதி அவர் தந்தது. அவரே 1667இல் கத்தோலிக்கராகி, 1675இல் குருவாகி, 1677இல் ஆயராகவும் ஆனார். 1988 அக்டோபர் 23ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். "புவியியலின் தந்தையருள் ஒருவரையே திருச்சபை பீடத்தில் வைத்திருக்கிறது. நீ ஏன் பயப்படுகிறாய்? ஆறு நாள் என்பது கடிகாரம் பார்த்து எழுதினது இல்லை அம்மா" என்றார்கள். அந்த முள் அன்றோடு கழன்றது. தாத்தாவுக்கும் சொன்னேன். "ஆயரே சொல்லிட்டாரா? அப்போ சரி" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

இனிப் பூச்சிக்கு வருகிறேன். பூச்சி கல்லாவது மரத்தைவிட மிகவும் கடினம். மரத்தில் லிக்னின் என்னும் கெட்டிப் பொருள் உண்டு; அது எளிதில் அழுகாது. பூச்சிக்கு மேலே கைட்டின் என்னும் ஓடு மட்டும் சற்று உறுதி. உள்ளே இருக்கும் தசையும் குடலும் சில நாள்களில் கரைந்துவிடும். தீப்பெட்டியில் கொன்றை இலை போட்டுப் பொன்வண்டு வளர்த்தவர்களுக்கு இது தெரியும். வண்டு செத்த பிறகு எறும்புகள் உள்ளே எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். பச்சை இறக்கைகள் மட்டும் ஆண்டுக்கணக்கில் மின்னிக்கொண்டிருக்கும். (அந்தப் பச்சை சாயம் அன்று, ஓட்டின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டு எழும் நிறம். ஆகவேதான் வெளுப்பதில்லை. ஜெர்மனியில் மெசல் என்னும் இடத்தில் 4 கோடியே 70 இலட்சம் ஆண்டுப் பழைய பொன்வண்டுகள் இன்னும் மினுமினுக்கின்றன.)

அந்தத் தசையும் குடலும் கூடக் கல்லாகிக் கிடைத்த இடங்கள் உலகில் சில உண்டு. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் கிராத்தோ என்னும் சுண்ணாம்புப் பாறை அடுக்கில், 11 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட வெட்டுக்கிளிகளும் தும்பிகளும் வண்டுகளும் கிடைக்கின்றன. வெளிர்மஞ்சள் கல்லில் செம்பழுப்பு நிறத்தில் பூச்சி! அந்தப் பூச்சி அசையாத நீரில் விழுந்து அடிச்சேற்றில் படிந்தது. பாக்டீரியாக்கள் அதை உண்ணத் தொடங்கின. அங்கே உயிர்வளி இல்லை. ஆகவே நீரிலுள்ள சல்பேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் பெருகி, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவை வெளியிட்டன. சேற்றிலிருந்த இரும்பு அந்த வாயுவோடு சேர்ந்து பைரைட் என்னும் கனிமமாயிற்று. அது மிக நுண்ணிய உருண்டைகளாகப் பூச்சியின் ஓட்டிலும் உள்ளே தசைகளிலும் படிந்தது. பிற்காலத்தில் மழைநீரும் காற்றும் பட்டு அந்தப் பைரைட் துருவாயிற்று. இன்று நாம் காண்பது இரும்புத் துருவால் ஆன தும்பி. அதில் பழைய தும்பியின் உடற்பொருள் அநேகமாக ஒன்றும் இல்லை.

இதில் என்னை வியக்க வைத்தது ஒன்று. அழிக்க வந்த பாக்டீரியாவே கல்லாவதற்கு வழி செய்கிறது! 1990களில் ஆய்வாளர்கள் இறால்களை மூடிய பாத்திரத்தில் கடல்நீரோடு இட்டு அழுக விட்டுப் பார்த்தார்கள். சில வாரங்களுக்குள் இறாலின் தசையில் பாஸ்பேட் கனிமம் படிந்து, தசை நார்களின் வரிகள் அப்படியே பதிந்தன. அந்தப் பாஸ்பேட் இறாலின் உடலிலிருந்தே வந்தது. முழுவதும் அழுகினால் ஒன்றும் மிஞ்சாது. கொஞ்சமும் அழுகாவிட்டால் கனிமம் படிவதற்கான சூழலே உண்டாகாது.

சிலிக்காவே பூச்சியின் உடலைப் பிடித்துக்கொண்ட இடமும் உண்டு. அமெரிக்காவின் மொகாவிப் பாலைவனத்தில் பார்ஸ்டோ என்னும் பகுதியில் சுண்ணாம்பு உருண்டைகள் கிடைக்கின்றன. அவற்றை மெல்லிய அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து, உள்ளே இருந்து மிகச் சிறிய நீர்ப்பூச்சிகள் கல்லாக வெளிவருகின்றன. காலும் கண்ணும் குடலும் உண்டு. அவை சுமார் 1 கோடியே 70 இலட்சம் ஆண்டுகள் பழையவை. திருவக்கரை மரங்களுக்குத் தங்கை முறை என்று சொல்லலாம்.

நம் நாட்டில் குஜராத்தின் வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்தில் 5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பூச்சிகள் நூற்றுக்கணக்கில் கிடைத்ததாக 2010இல் செய்தி வந்தது. அவை கல்லானவை அல்ல; மரப்பிசினில் மாட்டிக்கொண்டு, பிசின் இறுகி அம்பராக, உள்ளேயே தங்கிவிட்டவை. பிசின் வடித்தது குங்கிலிய மரத்தின் குடும்பம். நான் படிக்கும்போது தாத்தா மூக்கை உறிஞ்சினார், அந்த வாசனை வந்துவிட்டது போல!

அப்படியானால் திருவக்கரை மரத்தில் இருந்த பூச்சி என்ன ஆயிற்று? அருட்சகோதரியும் நானும் இப்படித்தான் எண்ணுகிறோம். மரம் வந்தது பெருவெள்ளத்தில், படுத்தது பருமணலில். பூச்சி கல்லாக வேண்டுமானால் அசையாத நீரும் மெல்லிய சேறும் விரைவாகப் படியும் கனிமமும் வேண்டும். பருமணலில் நீரும் காற்றும் புகுந்து புறப்படும். எனவே உடல் போயிருக்கும். ஆனால் பூச்சி போனாலும் அது குடைந்த வழி போவதில்லை. வேறு நாடுகளில் கிடைத்த சில கல்மரங்களுக்குள் கறையான் குடைந்த பாதைகளும், அப்பாதைகளுக்குள் அதன் எச்சங்களும் கல்லாகவே கிடைத்திருக்கின்றன. உலர்ந்த மரத்தைத் தின்னும் கறையான் நீரை வீணாக்காமல் உடலுக்குள்ளேயே பிழிந்துகொள்கிறது. அதனால் அதன் எச்சம் வறண்ட மணியாக, ஆறு பட்டைகளோடு விழுகிறது. கோடி ஆண்டுக் கல்லிலும் அந்த ஆறு பட்டைகளை எண்ண முடிகிறதாம். இன்றைய கறையானும் அதே ஆறு பட்டைதான்.

இதைச் சொன்னதும் தாத்தா எழுந்தார். "பரண்ல என் பலாப்பெட்டி இருக்குதில்ல, அதை இறக்கு" என்றார். அது அவருடைய கருவிப் பெட்டி. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அன்றுதான் அது கீழே வந்தது. தூக்கும்போதே அடியிலிருந்து பொலபொலவென்று ஏதோ கொட்டியது. தாத்தா குனிந்து, அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினார்.

"கசகசா மாதிரி கீது. உளு விழுந்துடுச்சு" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. பிறகு, "இது உருண்டை இல்ல பாப்பா. பட்டை இருக்குது. எத்தனைன்னு நீ பாத்துச் சொல்லு" என்றார்.

பெட்டியை அன்று மாலையே வெயிலில் வைத்து, உளுத்த அடிப்பலகையைக் கழற்றினோம். புதுப் பலகை போட வேண்டும் என்று அப்பாவே பூவரசம்பலகை வாங்கி வந்தார். தாத்தா அளவு சொல்ல, நான் மூலைமட்டம் வைத்துக் கோடு போட, அப்பா அறுத்தார். இழைப்பதை மட்டும் தாத்தா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இழைப்புளியில் கண்ணுக்கு வேலை குறைவு. ஒரு தள்ளுக்கு ஒரு தடவல் என்று கையாலேயே பார்த்துக்கொண்டார்.

மறுநாள் ஒரு தீப்பெட்டி நிறைய அந்த மணிகளைப் பள்ளிக்குக் கொண்டு வந்தேன். ஆய்வகத்தில் கண்ணாடித் தகட்டில் பத்து மணிகளை வைத்தோம். அருட்சகோதரி நுண்ணோக்கியைச் சரிசெய்து என்னைப் பார்க்கச் சொன்னார்கள். ஒவ்வொரு மணியும் ஒரு மில்லிமீட்டர் நீளம் இருக்கும். ஒரு முனை சற்றுக் கூர்மை. பழுப்பும் வெளிர்மஞ்சளுமாகப் பளபளவென்று இருந்தன. தகட்டை மெல்லத் திருப்பித் திருப்பிப் பட்டைகளை எண்ணினேன். பத்திலும் ஆறு.